2034-ல ஓடப்போற இயந்திரத்துக்கு 2010-லயே கன்ட்ரோல் சிஸ்டம் எதுக்கு?

குறுக்குக்கேள்வி | 2025 மார்ச் 2, மாலை 6:10

ஈட்டர் (பிரான்ஸ்ல பல நாடுகள் சேர்ந்து கட்டற அணுக்கரு இணைவு இயந்திரம்) பத்திப் படிக்கும்போது ஒண்ணு இடிக்குது. 2024-ல சொன்ன புது அட்டவணைப்படி ஆராய்ச்சி ஓட்டமே 2034-லதான் ஆரம்பம். டியூட்டீரியம்–டிரிட்டியம் எரிபொருள் போட்டு ஓட்டறது 2039. ஆனா கோடாக்னு சொல்ற கன்ட்ரோல் மென்பொருளோட முதல் பதிப்பு 2010-லயே வந்தாச்சு. 24 வருஷம் முன்னாடியே கம்ப்யூட்டரை முடிவு பண்றது, பிள்ளை பிறக்கிறதுக்கு முன்னே பேர் வைக்கிற கதையா இல்ல? கடைசி 3 வருஷத்துல புதுசா வாங்கி மாட்டிட்டுப் போகலாமே. பிளாஸ்மா தெரிஞ்சவங்க சொல்லுங்க.

திருகாணி | மார்ச் 2, இரவு 9:35

இதுக்கு பிளாஸ்மா தெரிய வேண்டாம், வயரிங் தெரிஞ்சா போதும். பழமொழியை நீங்களே எடுத்துக் கொடுத்துட்டீங்க: இந்த வேலையில முதல்ல செய்யறதே பேர் வைக்கிறதுதான்.

ஈட்டருக்கு 7 பங்காளிங்க: ஐரோப்பா, இந்தியா, சீனா, ஜப்பான், கொரியா, ரஷ்யா, அமெரிக்கா. பணமா தர்றது கொஞ்சம், கிட்டத்தட்ட 90 சதவீதம் பொருளாவே வருது. கிரையோஸ்டாட் (இயந்திரத்தைச் சுத்தி நிக்கிற வெற்றிடப் பாத்திரம்) ஹசீராவுல எல் அண்ட் டி செஞ்சது. குளிர்நீர் அமைப்பும் இந்தியப் பங்குலதான் வருது. காந்தச் சுருள்ல சிலது ஜப்பான், சிலது ஐரோப்பா. ஒவ்வொரு சாமானும் தன்னோட சென்சார், வால்வு, பேனலோட பிரான்ஸ்ல வந்து இறங்கும். 2031-ல உட்கார்ந்து "எல்லாத்தையும் ஒண்ணா இணைப்போம்"னா, அதுக்குள்ள 7 பக்கமும் 7 விதமா பிஎல்சி (தொழிற்சாலைச் சாமானை ஓட்டற சின்னக் கட்டுப்பாட்டுக் கம்ப்யூட்டர்) வாங்கி, 7 விதமா சிக்னலுக்குப் பேர் வெச்சு, நேரத்தை 7 விதமா எழுதி அனுப்பியிருப்பாங்க.

அதனால முன்னாடியே பூட்ட வேண்டியது கம்ப்யூட்டரை இல்ல. பேர் எப்படி அமையணும், சப்ளையரோட எல்லை எந்த டெர்மினல்ல முடியுது, நேரம் எங்கேருந்து வருது, ஒவ்வொரு அமைப்புக்கும் எத்தனை இயக்கநிலை, கோளாறு வந்தா எந்தப் பக்கம் விழணும், இதையெல்லாம்தான். ஈட்டர்ல இதுக்குன்னு ஒரு கையேடே உண்டு. மெதுவான வேலைக்கு சீமென்ஸ் எஸ்7 வகை பிஎல்சி, வேகமான வேலைக்கு லினக்ஸ் கம்ப்யூட்டரும் அதோட உள்ளீட்டு அட்டைகளும், எல்லாத்துக்கும் பொதுமொழியா எபிக்ஸ்ங்கற கன்ட்ரோல் மென்பொருள் தொகுப்பு. சப்ளையருக்கு மினி கோடாக்னு ஒரு சின்னப் பெட்டியும் சும்மாவே கொடுத்துடறாங்க. தொழிற்சாலைச் சோதனையை அதை வெச்சே முடிக்கலாம்.

கம்ப்யூட்டர் எப்படியும் மாறும். பிரிட்டன்ல இருந்த ஜெட் இணைவு இயந்திரம் 1983-ல நார்ஸ்க் டேட்டா மினி கம்ப்யூட்டரும் கேமக் வகை உள்ளீட்டு அட்டைகளுமா தொடங்குச்சு. நடுவுல யூனிக்ஸுக்குத் தாவிடுச்சு. கடைசி ஷாட் (ஒரு தடவை பிளாஸ்மா ஓட்டறது) 2023 டிசம்பர் 18. நார்ஸ்க் டேட்டா கம்பெனி அதுக்கு ரொம்ப முன்னாடியே போய்ச் சேர்ந்தாச்சு, ஜெட் ஓடிக்கிட்டே இருந்துச்சு.

திருகாணி | மார்ச் 2, இரவு 11:50

மேல எழுதினதைப் படிச்சா "ஹார்ட்வேரை கடைசில பார்த்துக்கலாம்"னு தொனிக்குது. அது தப்பு. கம்ப்யூட்டரைத்தான் கடைசில வாங்கலாம். கேபிள், பேனல் வைக்கிற இடம், சுவர்ல துளை, இதெல்லாம் கான்கிரீட்டோட சேர்ந்த சமாசாரம்.

டோக்கமாக் (பிளாஸ்மாவைக் காந்தத்தால கட்டி வைக்கிற இயந்திரம், ஈட்டர் அந்த வகை) கட்டடத்துச் சுவர் கதிர்வீச்சைத் தடுக்கிற சுவர். துளை எத்தனை, எங்கே, அதுல எத்தனை கேபிள் போகும்னு கான்கிரீட் ஊத்துறதுக்கு முன்னாடியே கணக்கு வேணும். பிறகு "இன்னும் 40 சிக்னல் சேருது"ன்னா துளைக்கு அனுமதி வாங்கறதே தனித் திட்டமாயிடும்.

அடுத்தது காந்தப்புலம். இயந்திரத்துக்கு வெளியேயும் புலம் கசியும். பேனலுக்குள்ள இருக்கிற 24 வோல்ட் பவர் சப்ளையோட ஃபெரைட் கோர் நிறைஞ்சு போய் வோல்டேஜ் சரியும். ரிலே ஒட்டிக்கும், இல்ல இழுக்காது. சொலினாய்டு வால்வு பாதி திறக்கும். மின்விசிறி மோட்டார் சூடாகும். கேட்டலாக்ல "5 மில்லிடெஸ்லாவுல வேலை செய்யும்"னு யாரும் எழுதறதில்ல. அந்த அளவைத் தாண்டற இடம்னா சோதிச்சுப் பார்க்காம எந்தப் பேனலையும் வைக்காதீங்க. நியூட்ரான் விழற இடத்துல மெமரி பிட் தானா புரளும், அது இன்னொரு தலைவலி. சரியான மருந்து ஒண்ணுதான்: மின்னணுவியலைத் தள்ளிவை, கேபிளை நீட்டு. கேபிளை நீட்டினா சிக்னல்ல இரைச்சல். அதுக்குத்தான் முதல்லயே இடத்தோட வரைபடம் வேணுங்கறது.

நாலு மில்லிஆம்ப் | மார்ச் 3, காலை 7:20

திருகாணி சார், பேருக்கு இவ்வளவு பில்டப் வேணுமா? எக்செல்ல ஒரு காலம் (நெடுவரிசை), அவ்வளவுதானே.

திருகாணி | மார்ச் 3, பகல் 1:05

எக்செல்ல ஒரு காலம்தான். ஆனா அந்தக் காலத்தை எத்தனை பேர் திருத்தறாங்கங்கறதுதான் கேள்வி.

எபிக்ஸ்ல ஒரு ரெக்கார்டோட (ஒரு சிக்னலுக்கான பதிவு) பேர் 60 எழுத்து வரைக்கும் போகலாம். பழைய 3.13 பதிப்புல 28-தான். 60-ன்னு தெரிஞ்சதும் ஆளுக்கு ஆள் கதை எழுதுவாங்க. நல்ல பேருக்கு ஒரே ஒரு சோதனை: அமைப்பு, துணை அமைப்பு, சாமான், சிக்னல்னு இடமிருந்து வலமா சுருங்கிக்கிட்டே வரணும். அப்பத்தான் "குளிர்நீரோட எல்லா பம்ப்பும்"னு ஒரே தேடல்ல எடுக்க முடியும்.

கெடறது எங்கேன்னா, குழாய் வரைபடத்துல ஒரு பேர், மின்வரைபடத்துல வேற பேர், பிஎல்சி புரோகிராம்ல மூணாவது பேர், ஸ்க்ரீன்ல நாலாவது. ராத்திரி 2 மணிக்கு அலாரம் வந்தா ஆபரேட்டர் கையில இருக்கிறது நாலாவது பேர், போய்த் திருக வேண்டிய வால்வுல தொங்கறது முதல் பேர். இதைத் தீர்க்க அட்டவணையில ஒரு வரி போட்டே ஆகணும்: வரைபடம் வெளியாறதுக்கு முன்னாடி பேர்ப்பட்டியல் ஒப்புதல். பிறகுன்னு தள்ளினா, ஒட்டின லேபிளைச் சுரண்டற வேலை.

இன்னொரு சின்ன விஷம்: எபிக்ஸ்ல சரம் வகை மதிப்புக்கு 40 பைட்டுதான், அதுல கடைசி ஒண்ணு பூஜ்யத்துக்கு. ஆக 39 எழுத்து. "பம்ப் 2 உறிஞ்சுபக்க அழுத்தம் குறைவு, வால்வு 14-ஐ"ன்னு செய்தி அந்தரத்துல அறுந்து நிக்கும். திறக்கணுமா மூடணுமா? அந்தச் சொல்தான் வெட்டுப்பட்டுப் போயிருக்கும்.

திருகாணி | மார்ச் 3, இரவு 10:15

பேரைவிடப் பெரிய கண்ணிவெடி ஒண்ணு இருக்கு, பிஎல்சி டேட்டா பிளாக், அதாவது பிஎல்சி தன் மதிப்புகளை வரிசையா அடுக்கி வைக்கிற நினைவிடம். கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம்.

ஒரு குளிர்நீர்ச் சுற்று. பிஎல்சிக்குள்ள ஒரு டேட்டா பிளாக்ல இப்படி அடுக்கியிருக்காங்க: பைட் 0–3 ஓட்டம், 4–7 நீர் உள்ளே வர்ற வெப்பநிலை, 8–11 வெளியே போற வெப்பநிலை, 12–13 நிலைச்சொல் (ஓடுதா, நின்னுதான்னு பிட் பிட்டா சொல்ற 16 பிட்). நிலைச்சொல்லோட 2-வது பிட் "பம்ப் ஓடுது". கோடாக் பக்கம் இந்தப் பைட் எண்களை வெச்சுத்தான் படிக்குது, பேரை வெச்சு இல்ல.

தொழிற்சாலைச் சோதனைக்கு முந்தின சாயங்காலம் யாரோ ஓட்டத்துக்கு அடுத்து அழுத்தம்னு 4 பைட்டைச் செருகிடறாங்க. பிஎல்சி திரையில எல்லாம் சரியா வருது. கோடாக்ல என்ன தெரியும்?

உள்ளே வர்ற வெப்பநிலை 6.2 டிகிரின்னு காட்டும், உண்மையில அது 6.2 பார் அழுத்தம். வெளியே போறது 28 டிகிரின்னு காட்டும், அது உள்ளே வர்ற வெப்பநிலை. ரெண்டும் நம்பற மாதிரி எண்கள், ஒருத்தருக்கும் சந்தேகம் வராது. நிலைச்சொல் இருந்த இடத்துல இப்போ வெளியே போற வெப்பநிலையோட மேல்பாதி. வெப்பநிலை சரியா 35.0-ன்னு இருந்தா அந்த 16 பிட்டுல 2, 3, 9, 14 எரியும். 2-வது எரியுதா, பம்ப் ஓடுது, எல்லாம் சுபம். வெப்பநிலை 36.0 ஆனா எரியறது 4, 9, 14. 2-வது அணைஞ்சாச்சு. அதாவது தண்ணி ஒரு டிகிரி சூடானதுக்கு "பம்ப் நின்னுடுச்சு"ன்னு அலாரம். இதைத் துரத்திக்கிட்டு ரெண்டு பேர் பம்ப் மோட்டாரைப் பிரிச்சுப் போட்டிருப்பாங்க.

தடுக்கிற வழி, செய்யற வரிசையிலயே:

முதல்ல, பிஎல்சி பக்கத்தையும் எபிக்ஸ் பக்கத்தையும் ஒரே தரவுத்தளத்துலேருந்து உருவாக்கணும். ஈட்டர்ல சுயவிவரத் தரவுன்னு ஒரு கருவி இதுக்குன்னே இருக்கு. கையால ரெண்டு பக்கமும் தட்டினா மேல சொன்னது நடக்கும்.

டேட்டா பிளாக்கோட முதல் சொல்லை இடைமுகப் பதிப்பு எண்ணுக்கு ஒதுக்கிடணும். எபிக்ஸ் பக்கம் எதிர்பார்க்கிற எண்ணோட பொருந்தலையா, அந்த பிளாக்கோட எல்லா சிக்னலும் "செல்லாது" நிலைக்குப் போகணும். தப்பான எண்ணைக் காட்டறதுக்கு ஒண்ணும் காட்டாம இருக்கிறது மேல்.

புதுசா சேர்த்தா வாலுலதான் சேர்க்கணும், நடுவுல இல்ல. 20 சதவீதம் காலி இடம் முதல்லயே விட்டு வைங்க.

எஸ்7-1500 (சீமென்ஸோட புதுத் தலைமுறை பிஎல்சி) ஆனா அந்த பிளாக்குக்கு "ஆப்டிமைஸ்டு அக்சஸ்" டிக்கை எடுத்துடணும். இருந்தா பைட் எண்ணுக்கே அர்த்தம் கிடையாது. இதை மறக்காதவங்களை விரல்விட்டு எண்ணிடலாம்.

சோதனையில எல்லா சிக்னலுக்கும் பூஜ்யம் போட்டுப் பார்க்காதீங்க. 1.0, 2.0, 3.0-ன்னு ஆளுக்கு ஒரு எண். இடம் மாறினது அந்த நிமிஷமே தெரிஞ்சிடும்.

குறுக்குக்கேள்வி | மார்ச் 4, காலை 8:40

பம்ப் மோட்டாரைப் பிரிச்ச கதை பயங்கரம். சரி, இன்னொண்ணு. ஈட்டர்ல கன்ட்ரோல், இன்டர்லாக், சேஃப்டின்னு மூணு தனி அமைப்பு, மூணு தனி கேபிள்னு படிச்சேன். ஒரே நல்ல சிஸ்டம் போதாதா? செலவு மூணு மடங்கு ஆகுமே.

திருகாணி | மார்ச் 4, இரவு 8:55

மூணும் காப்பாத்தறது வேற வேற. கன்ட்ரோல் வேலையைக் காப்பாத்துது. இன்டர்லாக் முதலீட்டைக் காப்பாத்துது. சேஃப்டி மனுஷங்களையும் சுற்றுப்புறத்தையும் காப்பாத்துது. மூணாவதை பிரான்ஸோட அணுசக்திப் பாதுகாப்பு ஆணையம் கேள்வி கேட்கும். முதல் ரெண்டையும் அதோட கலந்தீங்கன்னா, ஸ்க்ரீன்ல ஒரு பட்டனோட நிறத்தை மாத்தக்கூட அணுசக்தித் தரத்துல ஆவணம் எழுதணும். மூணு கேபிள் இழுக்கிறது அதைவிட மலிவு.

இன்டர்லாக் ஏன் தனின்னு எண்ணை வெச்சே பார்க்கலாம். ஈட்டரோட டொராய்டல் சுருள்கள் (பிளாஸ்மா வளையத்தைச் சுத்தி நிக்கிற பெரிய காந்தங்கள்) 18. முழு மின்னோட்டம் 68 கிலோஆம்பியர். உள்ளே நிக்கிற ஆற்றல் 41 ஜிகாஜூல், சுமார் 10 டன் டிஎன்டிக்குச் சமம். மீக்கடத்தி ஒரு இடத்துல சாதாரணக் கடத்தியா மாறினா (குவெஞ்ச்) அந்த இடம் சூடேறும். மின்னோட்டத்தை வெளித் தடைகள்ல கொட்டிக் காலி பண்ணணும். அதோட நேர மாறிலி 11 செகண்ட். ஒரு 11 செகண்டுல மின்னோட்டம் 37 சதவீதத்துக்கு வரும். ஆற்றல் மின்னோட்டத்தோட வர்க்கம், அதனால அது 14 சதவீதத்துக்கு வந்துடும். கண்டுபிடிக்கத் தாமதமாகிற ஒவ்வொரு செகண்டும் அந்தச் சூடான புள்ளியில முழு மின்னோட்டத்தோட கழியுது.

இந்த முடிவை லினக்ஸ் கம்ப்யூட்டர்கிட்ட விடமாட்டாங்க, பிஎல்சிகிட்ட மட்டுமேயும் விடமாட்டாங்க. மெதுவான இன்டர்லாக்குக்கு இரட்டைப் பிஎல்சி, வேகமானதுக்கு எஃப்பிஜிஏ (மென்பொருள் ஓடாம மின்சுற்றாவே முடிவெடுக்கிற சிப்). ரொம்ப முக்கியமான இந்தக் காந்த வெளியேற்றத்துக்கு மட்டும் நேரடிச் செம்புக் கம்பியில ஓடற மின்னோட்ட வளையம். வளையம் அறுந்தா, எந்தக் காரணத்துக்காக அறுந்தாலும், வெளியேற்றம். மென்பொருள் தொங்கிப் போனாலும் கம்பி தன் வேலையைச் செய்யும்.

ஆனா ஒரு வளையம் மட்டும்னா டெர்மினல் ஸ்க்ரூ லூஸ் ஆனாலே காந்தம் முழுக்கக் காலி. (என் இனத்து மேல பழி வரக்கூடாது பாருங்க.) பொய் ட்ரிப்புக்கும் (தேவையில்லாம நிறுத்தறதுக்கும்) விலை உண்டு. சுருள் சூடேறும், ஹீலியம் விரியும், மறுபடி 4 கெல்வினுக்குக் கொண்டுபோக நாள்கணக்குல ஆகும். அதனால மூணுல ரெண்டு: மூணு வளையம், ரெண்டு அறுந்தாத்தான் ட்ரிப். ஒண்ணு அறுந்தா அலாரம், அன்னிக்கே ரிப்பேர்.

மூணுல ரெண்டுன்னு காகிதத்துல எழுதிட்டு மூணு வளையத்தையும் ஒரே கேபிள் ட்ரேயில, ஒரே 24 வோல்ட் சப்ளையில ஓட்டறது வழக்கமா நடக்கிற கூத்து. அப்போ அது மூணு இல்ல, ஒண்ணு. மூணு ட்ரே, மூணு சப்ளை, முடிஞ்சா மூணு வெவ்வேற துளை. மறுபடியும் சுவர்த்துளைக்கே வந்துட்டோம் பாருங்க.

நாலு மில்லிஆம்ப் | மார்ச் 5, காலை 6:50

ஒரு எச்சரிக்கை. இன்டர்லாக் எல்லாத்தையும் பிடிச்சுடும்னு யாரும் நினைக்க வேண்டாம். ஜப்பான்ல ஜேடி-60எஸ்ஏ இணைவு இயந்திரம், 2021 மார்ச், சுருள்களுக்கு மின்சாரம் ஏத்திச் சோதிக்கும்போது ஈஎஃப்1 சுருளோட முனை இணைப்புல மின்காப்பு உடைஞ்சு மின்வில் பாய்ஞ்சது. ஹீலியம் கிரையோஸ்டாட்டுக்குள்ள கசிஞ்சது. பழுது பார்த்து முதல் பிளாஸ்மா வந்தது 2023 அக்டோபர்ல. கையால சுத்தின மின்காப்புல இருந்த குறையை எந்த மென்பொருளும் சரிபண்ணாது. குறைஞ்ச அழுத்த வாயுவுல வெச்சு உயர்மின்னழுத்தம் கொடுத்துப் பார்க்கிற சோதனை ஒண்ணு இருக்கு. அதை கன்ட்ரோல் அட்டவணையில ஒரு நிபந்தனையா எழுதி வைக்கணும்: அந்த ரிப்போர்ட் கையெழுத்தாகாம பவர் சப்ளைக்கு "தயார்" நிலை கிடையாது.

திருகாணி | மார்ச் 5, இரவு 9:30

ஒப்புக்கறேன். நிபந்தனைன்னதும் இயக்கநிலை ஞாபகம் வருது. முதல் பதிவுல ஒரு வார்த்தையில தாண்டிட்டேன்.

ஈட்டர் முழுசுக்கும் 4 நிலை: நீண்ட பராமரிப்பு, குறுகிய பராமரிப்பு, சோதனையும் பதப்படுத்தலும், பிளாஸ்மா ஓட்டம். இது ஏன் திட்டமிடலோட பகுதின்னா, ஒவ்வொரு துணை அமைப்பும் "இந்த நிலையில நான் என்ன பண்ணிக்கிட்டிருப்பேன்"னு எழுதித் தரணும். எழுத உட்கார்ந்தாத்தான் மோதல் தெரியும். குறுகிய பராமரிப்புன்னா ஆள் உள்ளே போகலாம்னு ஒருத்தர் எழுதியிருப்பார். அதே நிலையில குளிர்நீர் முழு அழுத்தத்துல ஓடும்னு இன்னொருத்தர். காகிதத்துல மோதினா நல்லது.

இனி நேரம். ஈட்டர்ல நேரத்துக்குன்னே தனி வலையமைப்பு, ஐஇஇஇ 1588 நெறிமுறை, பிடிபின்னு சொல்வாங்க. பிழை 50 நானோசெகண்டுக்குள்ள இருக்கணுங்கறது குறி. ஒளியிழையில ஒரு மீட்டருக்கு 5 நானோசெகண்ட். பிடிபி போய்வர ஆகிற நேரத்தை அளந்து பாதியாக்குது. போற இழையும் வர்ற இழையும் ஒரே நீளம்னு அது நம்பிக்கிட்டிருக்கு. பேட்ச் பேனல்ல யாரோ ஒரு பக்கம் மட்டும் 20 மீட்டர் கூடுதலா சுத்தி வெச்சா 100 நானோசெகண்ட் வித்தியாசம், பாதி 50. குறி முழுசும் அங்கேயே காலி. சாதாரண ஸ்விட்ச் போட்டாலும் இதே கதி. பாக்கெட் வரிசையில நிக்கிற நேரத்தைக் கணக்கு வெச்சுச் சொல்ற, பிடிபி புரியற ஸ்விட்ச்தான் வேணும்.

பிடிபி ஜிபிஎஸ் நேரத்துல ஓடும். அதனால உலக நேரத்துலேருந்து 18 செகண்ட் தள்ளி நிக்கும். ஆவணக்காப்பக மென்பொருள் இதைக் கழிக்குதான்னு பாருங்க.

நாலு மில்லிஆம்ப் | மார்ச் 5, இரவு 10:05

18 இல்ல சார். பிடிபி வழக்கமா ஓடறது சர்வதேச அணு நேரத்துல. 2017 ஜனவரி 1-லேருந்து உலக நேரத்துக்கும் அதுக்கும் 37 செகண்ட் வித்தியாசம். 18-ங்கறது ஜிபிஎஸ்ஸுக்கும் உலக நேரத்துக்கும்.

திருகாணி | மார்ச் 5, இரவு 10:20

ஆமா, 37. தட்டும்போதே சந்தேகமா இருந்துச்சு, பார்த்திருக்கணும். இதுலேருந்தே ஒரு கண்டறியும் வழி: ரெண்டு அமைப்போட பதிவுகள் சரியா 37 செகண்ட் விலகி நின்னா ஒண்ணு அணு நேரம், இன்னொண்ணு உலக நேரம். 18-னா ஜிபிஎஸ். 19-னா ஜிபிஎஸ்ஸும் அணு நேரமும். சரியா 20 வருஷம்னா, அதாவது 63,11,52,000 செகண்ட், எபிக்ஸ் நேரத்தை யாரோ யூனிக்ஸ் நேரம்னு நினைச்சிருக்காங்க. எபிக்ஸ் 1990 ஜனவரி 1-லேருந்து எண்ணுது, யூனிக்ஸ் 1970-லேருந்து. 5 மணி 30 நிமிஷம்னா நம்ம ஊர் லேப்டாப்.

குறுக்குக்கேள்வி | மார்ச் 6, காலை 9:15

கடைசி வரி 😂

இப்போ ஏஐ பிளாஸ்மாவைக் கட்டுப்படுத்துதாமே. அது வந்தா இந்த பைட் கணக்கெல்லாம் தேவைப்படுமா?

திருகாணி | மார்ச் 6, இரவு 9:00

சுவிட்சர்லாந்து லோசான்ல டிசிவிங்கற சின்ன டோக்கமாக்ல கூகுளோட டீப்மைண்ட் ஆளுங்களோட சேர்ந்து செஞ்சது, 2022-ல நேச்சர் இதழ்ல வந்தது. 19 சுருள், செகண்டுக்கு 10,000 தடவை கட்டளை. உண்மையிலயே அழகான வேலை. ஆனா அந்த நரம்பு வலை படிச்சதும் காந்தச் சென்சார்களோட எண்ணைத்தான், கொடுத்ததும் சுருளுக்கான மின்னழுத்தக் கட்டளையைத்தான். பைட் இடம் மாறினா அதுவும் 6.2 பாரை 6.2 டிகிரின்னுதான் நம்பும்.

டிசிவி ஷாட் ஒண்ணு ரெண்டு செகண்ட். நீண்ட ஓட்டம்னா வேற தொல்லை. காந்தச் சுருள் சென்சார் தர்றது புலம் இல்ல, புலம் மாறுற வேகம். அதைத் தொகையிட்டுத்தான் புலம் கிடைக்கும். ஆம்ப்ளிஃபயர்ல 1 மைக்ரோவோல்ட் பிசகு இருந்தா 2 செகண்டுல 2 மைக்ரோவோல்ட்-செகண்ட், யாரும் கவலைப்பட மாட்டாங்க. ஈட்டர் இருக்கிற கடராஷ்லயே இருக்கிற வெஸ்ட் இயந்திரம் 2025 பிப்ரவரி 12-ம் தேதி 1337 செகண்ட் ஓட்டுச்சு. அதே பிசகு அங்கே 1337 ஆகியிருக்கும். பிளாஸ்மா அசையாம நின்னாலும் அது நகர்ந்து போற மாதிரி தெரியும், கன்ட்ரோலர் அதை "சரிபண்ணி" நிஜமாவே நகர்த்திடும். அதனால உள்ளீட்டை மாறி மாறித் திருப்பிப்போட்டுப் பிசகைக் கழிக்கிற சாப்பர் வகை இன்டகிரேட்டர். இதை முதல் நாளே எத்தனை சேனல்னு எண்ணி வைக்கணும், கடையில கிடைக்கிற சரக்கு இல்ல.

நாலு மில்லிஆம்ப் | மார்ச் 7, காலை 7:05

என் பேருக்கு நியாயம் செய்யற மாதிரி ஒரு பதிவு.

4–20 மில்லிஆம்ப் சென்சார் (அளவை மின்னோட்டமா அனுப்பறது), சீமென்ஸ் அட்டையில 4-க்கு 0, 20-க்கு 27648. கம்பி அறுந்தா, அந்தக் கண்டறிதலை இயக்கியிருந்தா, 32767 வரும். அது மதிப்பு இல்ல, கோளாறுக் குறி. ஆனா மாத்துக்கணக்கு எழுதினவர் அதையும் எண்ணா எடுத்துக்கிட்டா: 0–16 பார் சென்சார்ல 32767-ஐ 27648-ஆல வகுத்து 16-ஆல பெருக்குங்க, 18.96 பார். அழுத்தம் ஏறிடுச்சுன்னு ட்ரிப். ஆள் போய்ப் பார்த்தா கம்பி தொங்குது. 3.6-க்குக் கீழயோ 21-க்கு மேலயோ வந்தா அளவீடு இல்ல, கோளாறு. இந்த வரியைச் சப்ளையர் ஆவணத்துல எண்ணோட எழுதணும். "உரிய கண்டறிதல் வேண்டும்"னு எழுதினா அவங்களுக்கு உரியது வேற.

குறுக்குக்கேள்வி | மார்ச் 7, மாலை 5:30

சரி, தோத்துட்டேன். அட்டவணையில இதையெல்லாம் எப்படி உட்கார வைப்பாங்க? "கன்ட்ரோல் ஒருங்கிணைப்பு – 40 நாள்"னு ஒரு பட்டைதான் எல்லா இடத்துலயும் பார்க்கிறேன்.

திருகாணி | மார்ச் 8, காலை 11:00

அந்தப் பட்டைதான் எல்லாரோட தாமதத்தையும் விழுங்கற உண்டியல். கட்டடம் 2 மாசம் லேட், குழாய் 3 மாசம் லேட், முடிவுத்தேதி மட்டும் நகராது. கடைசில நிக்கிற கன்ட்ரோல் ஆளைப் பார்த்து "ஏன்பா லேட்டு?"

கணக்கைப் போட்டே காட்டுங்க. நடுத்தரமான ஒரு அமைப்பு, 1000 சிக்னல். சென்சார் முனையிலேருந்து ஸ்க்ரீன் வரைக்கும் ஒரு சிக்னலைச் சோதிக்க ரெண்டு பேர், ஒருத்தர் களத்துல, ஒருத்தர் திரையில, சராசரி 20 நிமிஷம்னு வைங்க. 333 மணி நேரம். ஒரு நாளைக்கு உருப்படியா 7 மணி நேரம் கிடைச்சா 48 நாள். 10-ல ஒண்ணு முதல் தடவை தேறாது, திருத்தி மறுபடி பார்க்க இன்னும் 5 நாள். இது வெறும் கம்பிச் சோதனை. இன்டர்லாக் ஒவ்வொண்ணையும் தூண்டிப் பார்க்கிறது, வரிசைமுறை ஓட்டம், ஸ்க்ரீன் திருத்தம் எதுவும் இதுல சேரலை. 40 நாள் எங்கே நிக்குது?

குறைக்க ஒரே வழி வேலையை முன்னாடி தள்ளறது. தொழிற்சாலையிலயே மினி கோடாக்கை வெச்சு இடைமுகத்தை முடிச்சுட்டா தளத்துல கம்பி மட்டும்தான் பாக்கி. முன்னேற்றத்தை "மென்பொருள் 80 சதவீதம்"னு எழுத விடாதீங்க. அந்த 80 பல மாசம் 80-லயே நிக்கும். முனைக்கு முனை தேறின சிக்னல் எத்தனைன்னு மட்டும் எண்ணுங்க. 1000-ல 0-ன்னா 0.

யார் முதல்ல வரணுங்கறதும் பேரம் பேச முடியாத வரிசை. முதல்ல மின்விநியோகம், அடுத்து குளிர்நீர், அடுத்து கிரையோ ஆலை. அப்புறம்தான் காந்தம். மின்விநியோகத்தை கோடாக்கோட இணைக்கிறப்பவே பேர், நேரம், காப்பகம் எல்லாத்துக்கும் ஒத்திகை ஆயிடும். அதுல சறுக்கினா சேதம் கம்மி.

திருகாணி | மார்ச் 8, மாலை 6:45

விட்டுப்போனது: பழசாகிற பிரச்சினை. ரெட் ஹேட் லினக்ஸ் 6 வந்தது 2010 நவம்பர், பராமரிப்பு முடிஞ்சது 2020 நவம்பர். 7 வந்தது 2014, முடிஞ்சது 2024 ஜூன். பழைய எஸ்7-300 பிஎல்சியை 2023 அக்டோபர்லேருந்து சீமென்ஸ் படிப்படியா நிறுத்த ஆரம்பிச்சுடுச்சு, உதிரி மட்டும் 2033 வரைக்கும். அதாவது உதிரியும் தீர்ந்த பிறகுதான் ஆராய்ச்சி ஓட்டமே ஆரம்பம்! ஆக குறுக்குக்கேள்வி சொன்னதுல பாதி சரிதான். சீக்கிரம் டெலிவரி ஆன பேனலுக்கு பிஎல்சி மாத்தற வரியும் அட்டவணையில இருக்கணும். இடைமுகம் பைட் அளவுல எழுதி வெச்சிருந்தா 300-ஐக் கழட்டி 1500-ஐ மாட்டறது அலுப்பான வேலை, அவ்வளவுதான். எழுதி வைக்கலைன்னா அது புது புராஜெக்ட்.

நாலு மில்லிஆம்ப் | மார்ச் 8, இரவு 7:30

300-லேருந்து 1500-க்கு மாத்தும்போது அந்த ஆப்டிமைஸ்டு டிக்கைப் பாருங்க. 300-ல அந்த டிக்கே கிடையாது. 1500-ல புதுசா உருவாக்கற பிளாக்குக்கு அது தானாவே போட்டு வரும்.

திருகாணி | மார்ச் 8, இரவு 7:42

அதேதான். மார்ச் 3 பதிவுல எழுதினதை இந்த மாத்தற பட்டியல்லயும் முதல் வரியா சேர்த்துக்குங்க. டிக்கை எடுத்துட்டு மறுபடி கம்பைல் பண்ணி, 1.0, 2.0, 3.0 போட்டுப் பார்த்துட்டு அப்புறம் கேபிளை மாட்டுங்க.